எல்லாம் காணும்

யாராவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழும்பினால் குவெண்டலின் அக்காவுக்கு வால் துடிக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே துடிக்கும். தலை முதல் கால்வரை நீல ஸ்பொஞ்சில் தைத்த மீன் உடுப்புக்குள் அவர் நிற்கிறார். மீனுக்கு வால் இரண்டாகப் பிரிந்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரு கால். அதில் இடது காலுக்குப் பொறுமை குறைவு. மிச்சச் சோற்றைக் கண்டதும் அது தரையில் தட்டத் தொடங்கும், வால் ஆடும். பக்கத்து மேசைப் பிள்ளைகள் மீன் தங்களுக்காகத்தான் ஆடுகிறது என்று நினைத்துக் கை தட்டுவார்கள். மீனின் வாயிலுள்ள வலைக்குப் பின்னால் இரண்டு கண்கள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த மீன் நிற்கிற இடமும் ஒரு மீன்தான். மட்டக்களப்பிலிருந்து களுதாவளைப் பக்கம் போகும் வழியில், வாவிக்கரையோடு புதிதாக ஒரு பூங்கா திறந்திருக்கிறார்கள். பெயர் வாவிலோகம். சுழலும் தேநீர்க் கோப்பைகள், குட்டி ரயில், வயிற்றைக் கலக்கும் ஊஞ்சல் தோணி எல்லாம் உண்டு. நடுவில் பெரிய மீனொன்று வாயைத் திறந்தபடி கிடக்கிறது. அதுதான் சாப்பாட்டுக் கடை. பற்களுக்கிடையால் ஏறி, நாக்குப் போல விரித்த சிவப்புக் கம்பளத்தில் நடந்து, வயிற்றுக்குள் போய் உட்கார வேண்டும். கதிரைகளெல்லாம் தோணி, மேசைகளெல்லாம் சிப்பி. சாப்பாட்டு அட்டையில் தேசிக்காய்த் தண்ணீருக்குப் பெயர் ‘கடற்கன்னியின் கண்ணீர்’. நண்டுக் கறிக்குப் பெயர் ‘பாதாள ராசாவின் கோபம்’.

சாப்பிட்டு முடித்தவர்கள் வால் வழியாக வெளியேற வேண்டும் என்பது அங்குள்ள விதி. இதைத்தான் எங்கள் ஆட்களால் விழுங்க முடியவில்லை. மீனின் வயிற்றுக்குள் போனது பின்பக்கத்தால் வெளியே வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். கரடியனாற்றிலிருந்து வருகிற பெரியவர்கள் சிலர், வாயால் வந்த மனிதன் வாயால்தான் போவான் என்று சொல்லிவிட்டு, உள்ளே வருகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போவார்கள்.

அந்தப் பெரிய மீனின் இரும்பு விலா எலும்புகளை ஒட்டிக் கொடுத்தவர் குவெண்டலின் அக்காவின் கணவர் மொறிஸ். தாண்டவன்வெளியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் வழிவந்த பழைய பறங்கிக் குடும்பம். மொறிஸ் அண்ணன் வாய் திறந்து கதைத்ததைக் கேட்டவர்கள் குறைவு. பகலெல்லாம் இரும்பு சத்தம் போடுவதால், பின்னேரம் தானும் சேர்ந்து போடுவது நியாயமில்லை என்று நினைக்கிறாரோ என்னவோ. மகன்மார் இருவரும் மெல்பேர்னில். அவர்கள் போன பிறகும் குவெண்டலின் அக்காவின் கை பழைய அளவை மறக்கவில்லை. நாலு பேருக்கு உலை வைப்பார். மிஞ்சியதை மதில் மேலால் அயல்வீடுகளுக்கு நீட்டுவார். அயல்வீட்டார் மதிலோரம் வருவதைக் குறைத்துக்கொண்டபோதுதான், பூங்காவில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்.

சமையலறையில் இடம் நிரம்பிவிட்டது. மீனில்தான் இடம் இருந்தது. முதலில் மீனாக நின்ற இளைஞன் உடுப்பின் வெக்கை தாங்காமல் இரண்டாம் நாளே மயங்கி விழுந்துவிட்டான். “மீனோ மானோ, சாப்பிடுற ஆக்களுக்குப் பக்கத்தில நிக்கிற வேலைதானே” என்று கேட்டுவிட்டு அக்கா உடுப்புக்குள் இறங்கினார். உடுப்பு கொஞ்சம் இறுக்கம். அதை உடுப்பின் குறையாகவே அவர் கருதுகிறார்.

ஆடுவதற்கு அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பறங்கியர் கலியாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆடி வளர்ந்த இடுப்பு. அந்த மீன் மேசைகளுக்கிடையால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், கை கழுவப் போன ஆட்களும் பாதியில் நின்று பார்ப்பார்கள். சிக்கல் வாயில்தான் வந்தது. மீன் பேசக்கூடாது. அது கம்பனியின் கட்டளை. மீனின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அது ஆழத்திலிருந்து வருவது போல ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். பௌர்ணமிக்குக் கல்லடிப் பாலத்தடியில் கேட்கிற மீன்பாட்டாம். குவெண்டலின் அக்கா அதை ஒத்துக்கொள்வதில்லை. “பாட்டாமா பாட்டு. பசிச்ச வயித்துச் சத்தம் மனே அது” என்பார்.

முதல் தடவை அவர் வாய் திறந்தது எங்கள் மேசையில். என் தங்கையின் மகள் விதுர்ஷா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஊஞ்சல் தோணிக்கு ஓடத் தயாராக இருந்தாள். மீன் குனிந்து அவள் காதுக்குள், “இன்னும் நாலு வாய்தான் புள்ள, மறுகா போய் ஆடலாம்” என்றது. விதுர்ஷா உட்கார்ந்து நாலு வாயும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, மீன் கதைத்தது என்று வயிறு முழுவதற்கும் கேட்கக் கூவினாள். மனேஜர் ஓடி வந்தார்.

இரண்டாம் தடவை ஏறாவூரிலிருந்து வந்த புதுத் தம்பதி, இஷாமும் சபூராவும். எந்த விளையாட்டில் முதலில் ஏறுவது என்பதில் ஏதோ மனத்தாங்கல். ஆளுக்கொரு விலா எலும்பைப் பார்த்தபடி, நண்டைத் தொடாமல் இருந்தார்கள். மீன் அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. பொறுக்க முடியாத கட்டத்தில், “கோவத்த வீட்ட கொண்டுபோய் வெச்சிப் புடிங்க. நண்டு ஆறுது” என்றது. சபூராவுக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. இஷாம் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். கோபம் அங்கேயே முடிந்தது. அந்த இருவரும் இப்போது வந்தால் மீனுக்குப் பக்கத்து மேசைதான் கேட்கிறார்கள். ஆனால் மனேஜரின் கணக்கில் அது இரண்டாவது குற்றம். மூன்றாவது தடவை என்றால் தோலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

மனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர். இந்தப் பூங்காவை வடிவமைத்த கம்பனி அங்கேதான் இருக்கிறது. அவர்களே ஆளையும் அனுப்பியிருந்தார்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெலிந்த உடம்பு, மரியாதையான பேச்சு, எப்போதும் எதையோ தேடுகிற கண்கள். குவெண்டலின் அக்கா அவரிடம் ஒரு தடவை நியாயம் கேட்டிருக்கிறார்.

“இது என்ன ஊர் தம்பி? மீன் பாடுற ஊர். பாடுற மீனுக்குக் கதைக்கத் தெரியாதா?”

“பாடறது வேற, பேசறது வேறங்க அக்கா. டிசைன்ல பாட்டு மட்டுந்தானுங்க இருக்குது” என்றாராம் மனேஜர்.

அன்றிலிருந்து உடுப்புக்குள் இறங்கும்போதே அக்கா வாயில் ஒரு கராம்பை வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டார். பேச்சு வந்தால் கராம்பு உறைக்கும். நான் கேட்டபோது, “வீட்ட போனா மனிசன் கதைக்க மாட்டார். இஞ்ச வந்தா நான் கதைக்க ஏலா. ஆனா இஞ்ச நிறையப் பேர் சாப்பிடுறதயாவது பார்க்கலாம்” என்றார். மீன் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேர்வையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாய் போனதும் செட்டைகள் கதைக்கத் தொடங்கின. செட்டையால் வயிற்றைத் தடவினால், சாப்பாடு எப்படி என்று கேள்வி. சிப்பி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால், ஆறுவதற்குள் சாப்பிடு என்று கட்டளை. தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றால், அந்தக் கீரையை ஒதுக்கினதை நான் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். வாடிக்கையாளர்கள் விரைவிலேயே பழகிக்கொண்டார்கள். வீட்டில் தாய் சொன்னால் கேட்காததுகள் மீன் சொன்னால் கேட்டன.

இதற்கிடையில் கடைக்கு வேறொரு பெயரும் வந்துவிட்டது. மீன் வயிற்றில் உபசரிப்பு அமோகம், போதும் போதும் என்றாலும் விடாமல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அந்த இந்திய மனேஜர் எங்கள் ஆட்களையே தோற்கடித்துவிட்டார் என்று ஏறாவூர் வரைக்கும் பேச்சு. உண்மை அதுவல்ல, உண்மை என்னவென்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கே போதும் என்பதைக் ‘காணும்’ என்போம். கோயம்புத்தூர்க் காதுக்குக் காணும் என்றால் காணோம், அதாவது இருந்த பொருள் இருந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம். ஒருவர் தண்ணீர் காணும் என்பார்; மனேஜர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவார். ஒருவர் அப்பளம் காணும் என்பார்; அப்பளம் வரும். இந்த ஊரில் ஏன் இவ்வளவு பொருள் தொலைகிறது என்று அவர் இரவில் தூங்காமல் யோசித்திருக்கிறார். வால் வாசலுக்குப் பக்கத்தில் ‘தொலைந்த பொருட்கள்’ என்று எழுதி ஒரு அலுமாரிகூட வைத்திருந்தார். அதற்குள் ஒரு குழந்தைச் செருப்பைத் தவிர எதுவும் வந்து சேரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து பூங்காவின் பணிப்பாளர் அம்மா வந்திருந்தார். மீனுக்கு ஆள் வைப்பதா, மோட்டார் மீன் ஒன்று வாங்குவதா என்று அன்றைக்கு முடிவெடுப்பதாக ஏற்பாடு. மோட்டார் மீனின் படம் அவருடைய போனில் இருந்தது. அது வேர்க்காது, பேசாது, யாருடைய தட்டையும் பார்க்காது. குவெண்டலின் அக்கா அன்று வழக்கத்துக்கு மாறாக இரண்டு கராம்பைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பணிப்பாளர் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் கரடியனாற்றில் வயல்வட்டை நிறைய உள்ள அருமைநாயகம் போடியார் குடும்பத்தோடு இருந்தார். வட்டையெல்லாம் வெட்டி முடித்த கையோடு, பேரப்பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் வந்தவர். நானும் விதுர்ஷாவும் எதிர்மேசை. போடியார் வயிறாரச் சாப்பிட்டு முடித்து, தட்டின் மேல் கையை விரித்து, “காணும் தம்பி” என்றார்.

பணிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த மேசையை மனேஜரே கவனித்துக்கொண்டிருந்தார். விரித்த கை காட்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். “ஏனுங்கய்யா, எது காணோமுங்க?” என்று பணிவாகக் கேட்டார்.

“சோறு காணும்.”

சோறு வந்தது. மனேஜர் தன் கையாலேயே இரண்டு அகப்பை போட்டார். போடியார் அதைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நெல் விதைத்த மனிதர். தட்டில் விழுந்த சோற்றை விட்டுவிட்டு எழும்பிப் பழக்கமில்லை. கொடுக்கிறவனின் முகத்தை முறிப்பதும் அவருக்கு வராது. சாப்பிட்டார். சோறு முடிந்ததும் கறியும் காணும் என்றார், கவனமாக. நண்டு வந்தது. நண்டோடு சோறும் வந்தது. மனைவி அன்னப்பூரணி பக்கத்தில் இருந்து தொடையைக் கிள்ளினார். அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதாம், டொக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோச்சா என்று காதுக்குள் அதட்டுவது எங்களுக்கும் கேட்டது. போடியார் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். நெற்றியில் வேர்வை. விக்கல் தொடங்கியது.

“தம்பி,” என்றார், இரண்டு விக்கலுக்கிடையில், கையைத் தட்டின் மேல் பெரிதாக ஒரு வட்டம் சுற்றி. “எல்லாம் காணும்.”

மனேஜரின் முகத்தில் இரத்தம் இல்லை. பணிப்பாளருக்கு முன்னால், ஒரு மேசையில், எல்லாவற்றையும் காணோம். சமையலறைப் பக்கம் திரும்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். கையோடு தயிர்ச்சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தானே ஓடி வந்தார்.

அப்போதுதான் மீனைக் கவனித்தேன். வால் துடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் வைத்த தட்டைப் பார்த்துத் துடித்த வால், முதல் தடவையாக நிரம்பிய தட்டைப் பார்த்துத் துடித்தது. மீன் இரண்டு செட்டைகளையும் குறுக்கே போட்டு ஆட்டி, மனேஜருக்கு வேண்டாம் வேண்டாம் என்று காட்டியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “வருதுங்க, வருதுங்க” என்றார். மீன் பணிப்பாளரைப் பார்த்தது. போடியாரைப் பார்த்தது. போடியார் தயிர் விழப்போகிற தட்டைப் பார்த்துக் கண்ணை மூடினார். இதற்கு மேல் இந்த மனுசி பொறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்; வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். மீனின் வாயிலிருந்து இரண்டு கராம்புகள் சிப்பி மேசையில் வந்து விழுந்தன.

“தம்பி, காணும் எண்டா போதும் எண்டு அர்த்தம். அந்த மனிசன் அப்ப இருந்து போதும் போதும் எண்டுதான் சொல்றார். விடுங்க அவர.”

ஊரில் யார் போதும் என்று சொன்னதையும் ஒரு நாளும் காதில் வாங்காத குவெண்டலின் அக்கா, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லித் தன் வேலையைத் தொலைத்துக்கொண்டார். மீனின் செட்டை வாயைப் பொத்திக்கொண்டது. பொத்தி என்ன பயன். பணிப்பாளர் அம்மா எழும்பி நின்று, இந்த மீன் பேசுமா என்று கேட்டார்.

“நான்தான் புள்ள கதைச்சன்” என்றார் அன்னப்பூரணி, சற்றும் தயங்காமல். அதே நேரத்தில் போடியாரும் விக்கலோடு, கதைத்தது தான்தான் என்று சொல்லிவிட்டார். ஒரு பெண்குரலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் யார் நம்புவார்கள்? எல்லோரும் மனேஜரைப் பார்த்தோம். அவர் தயிர்ச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வால் வாசல் பக்கமிருந்த அலுமாரியைப் பார்த்தார். ஒரு மாதமாகத் தொலைந்த அத்தனையும் அந்த ஒரு கணத்தில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“பேசலீங்க மேடம்” என்றார். “பாடுச்சுங்க.”

பணிப்பாளர் அம்மா அவரையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். மட்டக்களப்பில் மீன் பாடும் என்று அவரும் கேள்விப்பட்டிருப்பார்தானே. மீனின் வயிற்றுப் பெட்டி நல்ல நேரம் பார்த்து ‘ம்ம்ம்’ என்றது. எப்போதும் பாடுமா என்று கேட்டார். எப்பவாவதுதான் என்றார் மனேஜர். பணிப்பாளர் அம்மாவின் வாயோரம் துடித்ததை நான் பார்த்தேன். போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து நண்டைச் சாப்பிடத் தொடங்கினார். மோட்டார் மீன் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அருமைநாயகம் போடியார், பக்கத்தில் இருந்த வாசல் அதுதான் என்பதால், அன்று ஒரு மறுப்பும் சொல்லாமல் வால் வழியாகவே வெளியேறினார்.

அந்த நாளுக்குப் பிறகு குவெண்டலின் அக்கா உடுப்புக்குள் ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. மனேஜர் தனக்காகச் சொன்ன பொய்யை மெய்யாக வைத்திருப்பது தன் பொறுப்பு என்கிறார். தொலைந்த பொருட்கள் அலுமாரியில் இப்போது தயிர்ச்சட்டி அடுக்குகிறார்கள்.

போன கிழமை போயிருந்தேன். மூன்று மணி போல, கூட்டம் கலைந்து வேலையாட்கள் சாப்பிடுகிற நேரம். நான் ஒரு தேநீரோடு ஒதுங்கியிருந்தேன். மனேஜருக்கு நின்றபடியே ஒரு பணிஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போனில் கணக்குப் பார்க்கிறதுதான் மத்தியானச் சாப்பாடு. இப்போது அது நடப்பதில்லை. மீன் அவரைத் தோணியொன்றில் உட்கார வைத்திருந்தது. முன்னால் சோறு, நண்டு, கீரை. ஊரை விட்டு வந்த பிள்ளை, நன்றாகத்தான் சாப்பிட்டார், வழித்துத்தான் சாப்பிட்டார். பிறகு தட்டின் மேல் கையை விரித்து, இந்த ஊரில் பிறந்தவர் மாதிரி, “காணும் அக்கா” என்றார்.

மீன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பிறகு அந்தக் கையைச் செட்டையால் மெல்லத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, தட்டில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டது.